வெள்ளம் வடிந்த பிறகு வரும் தவணை

2019 மார்ச் 14ஆம் தேதி இரவு, மொசாம்பிக் நாட்டின் துறைமுக நகரமான பெய்ராவை இடாய் புயல் தாக்கியது. விடிந்தபோது ஊருக்கு வெளியுலகத் தொடர்பே இல்லை. சாலை அறுந்துவிட்டது, மின்சாரம் போய்விட்டது, தொலைபேசி வேலை செய்யவில்லை. அடுத்த சில நாட்களில் புங்வே, புசி என்ற இரண்டு ஆறுகளும் கரைபுரண்டன. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், நாட்டுக்குள் புதிதாக ஒரு கடல் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. ஜனங்கள் கூரைமேலும் மரக்கிளையிலும் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மொசாம்பிக்கில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆறு வாரம் கழித்து கென்னத் என்ற இன்னொரு புயல் அதே நாட்டின் வடக்கில் கரையேறியது.

அந்த ஏப்ரல் மாதம் சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) மொசாம்பிக்குக்கு அவசர உதவியாக சுமார் 11.8 கோடி டாலர் கொடுத்தது. வட்டி கிடையாது. ஆனால் அது கடன். அசலைத் திருப்பிக் கட்டியாக வேண்டும்.

மொசாம்பிக்கில் வாழும் ஒருவர் ஓர் ஆண்டில் வெளிவிடும் கரியமில வாயு சராசரியாக ஏறக்குறைய கால் டன். அமெரிக்காவில் வாழும் ஒருவருக்கு அது சுமார் 14 டன். ஒரு புயலைத் தனியாக எடுத்து, இது முழுக்கக் காலநிலை மாற்றத்தால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடல் சூடானால் புயலுக்கு வலு கூடுகிறது, சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்துவந்து கொட்டுகிறது, உயர்ந்த கடல்மட்டம் அலையை இன்னும் உள்ளே தள்ளுகிறது. இதில் எதிலும் சந்தேகம் இல்லை. காற்றுமண்டலத்தைக் கெடுத்ததில் ஏறக்குறைய பங்கே இல்லாத ஒரு நாடு, அதனால் கூடும் சேதத்தைச் சரிசெய்யக் கடன் வாங்குகிறது. வளரும் நாடுகளும் காலநிலையும் என்று பேச்செடுத்தால் நான் இந்தக் கடன் சீட்டிலிருந்துதான் தொடங்குவேன். தொழில்நுட்பம், மரம் நடுதல், உச்சிமாநாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தத் துறையில் இரண்டு சொற்கள் ஓயாமல் வரும். ஒன்று தணிப்பு: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதைக் குறைத்து, காடுகளைக் காத்து, புவி மேலும் சூடாகாமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று தகவமைப்பு: ஏற்கெனவே சூடாகிவிட்ட புவியில் உயிரோடும் பிழைப்போடும் இருக்கத் தயாராவது. கரை கட்டுவது, புயல் எச்சரிக்கை தருவது, வறட்சி தாங்கும் விதை கொடுப்பது எல்லாம் இதில் வரும். காட்டில் தீப்பிடித்தால் தீயை அணைப்பது ஒரு வேலை, ஊரைக் காலி செய்வது இன்னொரு வேலை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் பணம் இந்த இரண்டு வேலையையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சூரிய மின் நிலையம் கட்டினால் மின்சாரம் விற்கலாம். மாதாமாதம் வருமானம் வரும், அதிலிருந்து தவணை கட்டலாம். அதனால் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. புயல் காப்பகம் எதையும் விற்பதில்லை. அது நன்றாக வேலை செய்தால் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: சாக வேண்டியவர்கள் சாகவில்லை. இந்த வரவை எந்த வங்கியும் கணக்கில் எழுதுவதில்லை. பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்காகத் திரட்டிய காலநிலை நிதி 2022இல் 11,590 கோடி டாலர். அதில் தகவமைப்புக்குப் போனது 3,240 கோடி; நூற்றுக்கு 28தான்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023இல் தகவமைப்புக்காக வளரும் நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த பொதுநிதி, அதாவது அரசுகள் வழியாக வந்த பணம், சுமார் 2,600 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட அது குறைவு. 2035வாக்கில் ஆண்டுக்கு 31,000 முதல் 36,500 கோடி டாலர் வரை தேவைப்படும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. தேவையில் வருவது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

தகவமைப்பு நடந்த இடங்கள்

காசு குறைவு என்பதால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய பணம் இல்லாமல் பெரிய காரியம் செய்த நாடுகள் உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வங்கதேசம்.

1970 நவம்பரில் போலா புயல் அந்தக் கடற்கரையில் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. 1991 ஏப்ரலில் வந்த புயலில் சுமார் 1,38,000 பேர் போனார்கள். 2007இல் சித்ர் புயல். இறந்தவர்கள் ஏறக்குறைய 3,400. 2020இல் ஆம்பன் வந்தபோது வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. நான்கும் ஒரே வலுவுள்ள புயல்கள் அல்ல, கரையேறிய இடமும் ஒன்றல்ல. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இந்த இறக்கம் சாதாரணமானதல்ல.

எப்படி நடந்தது? போலா புயலுக்குப் பின், 1972-73 வாக்கில் புயல் ஆயத்தத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் முதுகெலும்பு சம்பளம் வாங்காத தொண்டர்கள். இன்று 76,000 பேர், அதில் பாதிப் பெண்கள். வானிலை மையத்திலிருந்து செய்தி வந்ததும் கிராமத்தில் கம்பத்தில் கொடி ஏறும். ஒரு கொடி என்றால் எச்சரிக்கை. இரண்டு கொடி என்றால் ஆபத்து. மூன்று கொடி ஏறிவிட்டால் பேரபாயம், கிளம்பியே ஆக வேண்டும். கையால் சுற்றும் சைரனோடும் ஒலிபெருக்கியோடும் தொண்டர்கள் வீடு வீடாகப் போவார்கள். கூப்பிட வருபவர் ஊருக்குத் தெரிந்தவர் என்பது பெரிய விஷயம். முகம் தெரியாத குரல் ரேடியோவில் சொன்னால் கிளம்பாதவர்கள், பக்கத்து வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினால் கிளம்புகிறார்கள்.

1991இல் இறந்தவர்களில் பெண்கள் மிக அதிகம். காரணம் தேடினால் காற்றின் வேகத்தைவிட வேறு பல விஷயங்கள் கிடைக்கின்றன. அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் இரவு தங்கத் தயக்கம். குழந்தைகளையும் வயதானவர்களையும் விட்டுக் கிளம்ப முடியாத நிலை. சேலை தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்வது. அப்புறம் மாடு. இருக்கும் ஒரே சொத்தை அவிழ்த்துவிட்டு ஓட மனசு வராமல் பின்தங்கியவர்கள் ஆண்களிலும் நிறைய. அதனால் பிறகு கட்டிய காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறை வந்தது. தூண்மேல் நிற்கும் கட்டடத்தில் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் நடக்கிறது. மாட்டுக்காக மண்ணைக் குவித்து உயர்த்திய மேடுகள் எழுந்தன. அவற்றைக் கில்லா என்கிறார்கள். மாட்டுக்கு இடம் கிடைத்தால்தான் மனிதன் நகர்வான் என்று புரிந்துகொண்டதை நான் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

அதே வங்கதேசம் தவறான பாடத்துக்கும் உதாரணம். 1960களில் தென்மேற்குக் கடலோரத்தில் தாழ்ந்த நிலங்களைச் சுற்றி மண்கரை எழுப்பினார்கள். உப்புநீர் வராது, நெல் விளையும் என்ற கணக்கு முதலில் பலித்தது. ஆனால் அந்த ஆறுகள் வண்டல் சுமந்து வருபவை. முன்பெல்லாம் கடல் ஏற்றத்தின்போது நிலத்தில் பரவிய வண்டல், கரை வந்த பிறகு ஆற்றுப்படுகையிலேயே தங்கியது. வெளியே ஆறு மேடாக, உள்ளே வண்டல் கிடைக்காத நிலம் தாழ்ந்துகொண்டே போனது. மழைநீர் வடிய வழியில்லாமல் வயலும் வீடும் மாதக்கணக்கில் நீரில் நின்றன. 1990களில் சில இடங்களில் மக்களே திரண்டு கரையை வெட்டி ஆற்றை உள்ளே விட்டார்கள். வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது, ஆறும் ஆழமானது. பிறகு அரசே அந்த முறையை ஒரு திட்டமாக ஏற்றுக்கொண்டது. தகவமைப்பு என்ற பெயரில் கட்டுவதெல்லாம் பாதுகாப்பு ஆகிவிடாது. தண்ணீர் அங்கே எப்படி நடமாடும் என்று தலைமுறையாகப் பார்த்தவர்களைக் கேட்காமல் வரைந்த வரைபடம், முப்பது ஆண்டு கழித்து அவர்கள் வாசலிலேயே வந்து நிற்கிறது.

ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் சஹேல் பகுதியில் நடந்தது இதற்கு நேர் மாறு. 1970களிலும் 80களிலும் அங்கே கொடிய வறட்சி. புர்கினா பாசோ நாட்டின் வடக்கில் யகூபா சவடோகோ என்ற விவசாயி, ஜாய் என்ற பழைய குழிமுறையைக் கையில் எடுத்தார். இறுகிப்போன நிலத்தில் மழை பெய்தால் நீர் இறங்காது, வழிந்து ஓடிவிடும். அவர் கோடையிலேயே முழங்கை ஆழத்துக்கும் குறைவான சின்னச் சின்னக் குழிகளை வரிசையாகத் தோண்டினார். முன்னோர் தோண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஒவ்வொன்றிலும் ஒரு கை எரு போட்டார். எருவின் வாசனைக்குக் கரையான் வரும். அது மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும். முதல் மழை விழுந்ததும் நீர் அந்தத் துளை வழியாகக் கீழே இறங்கிவிடும், குழியில் போட்ட சோள விதைக்கு ஈரம் நிற்கும். மழைக்கு முன்னாலேயே வெயிலில் குழி தோண்டுபவரைப் பார்த்து ஊர் பைத்தியம் என்றது. எருவோடு வந்த விதைகளிலிருந்து மரங்களும் முளைத்தன. அவர் அவற்றைப் பிடுங்காமல் வளர்த்தார். பொட்டல் நிலம் காடானது. 2023இல் அவர் இறக்கும்போது அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியிருந்தது.

பக்கத்து நாடான நைஜரில் கதை இன்னும் பெரியது. அங்கே வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்கடியில் உயிரோடுதான் இருந்தன. விவசாயிகள் அவற்றிலிருந்து கிளம்பும் தளிர்களில் நல்லதைத் தேர்ந்து விட்டு, மற்றதைக் கழித்து வளர்த்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரம் திரும்பி வந்தது. இது நடக்க ஒரு தடை விலக வேண்டியிருந்தது. காலனிக் காலத்திலிருந்தே மரம் அரசின் சொத்து. தன் வயலில் வளர்ந்ததை வெட்டினாலும் விவசாயிக்குத் தண்டனை. அப்படியிருக்க யார் வளர்ப்பார்கள்? 1980களின் நடுவில் அந்தப் பிடி தளர்ந்தது. மரம் தன்னுடையது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் தளிருக்கு வாழ்வு வந்தது. அந்த மரங்கள் காற்றை மறிக்கின்றன, நிழல் தருகின்றன, கால்நடைக்குத் தீவனமாகின்றன. கூடவே கரியமில வாயுவையும் உள்ளே இழுத்து வைக்கின்றன. தணிப்பா, தகவமைப்பா என்று அந்த விவசாயியைக் கேட்டால் அவருக்கு அந்தக் கேள்வியே புரியாது. கோப்புகளில்தான் அது இரண்டு.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் ஓர் எல்லையும் உண்டு. ஒடிசாவின் பழைய நெல் ரகம் ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவைச் சேர்த்து, ஸ்வர்ணா சப்-1 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். 2009இல் இந்தியாவில் விவசாயிகளின் கைக்கு வந்தது. நீரில் முழுக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும், நீர் வடிந்ததும் துளிர்க்கும். அருமையான விதை. ஆனால் வெள்ளம் மூன்று வாரம் நின்றால் அதுவும் அழுகிவிடும். அந்த மூன்றாவது வாரத்தைத் தகவமைப்பால் சமாளிக்க முடியாது. அது வராமல் தடுக்க கரியமில வாயு உமிழ்வுதான் குறைய வேண்டும். அதனால்தான், ஏழை நாடுகளுக்குத் தகவமைப்பு போதும், தணிப்பு பணக்காரர்கள் பாடு என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெயில் இருக்கிறது, வட்டி விடவில்லை

சரி, தணிப்புக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. உலகின் மிகச் சிறந்த சூரிய ஒளி விழும் இடங்களில் 60 சதவீதம் அங்கேதான் இருக்கிறது என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஆனால் உலகில் நிறுவிய சூரிய மின் திறனில் அந்தக் கண்டத்தின் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். 2010க்குப் பிறகு பத்தே ஆண்டில் சோலார் தகட்டின் விலை ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இறங்கியது. பிறகு ஏன் நடக்கவில்லை?

அனல் மின் நிலையத்தில் செலவு ஆண்டுக்கு ஆண்டு எரிபொருளாகப் பரவி வரும். சூரிய மின் நிலையத்தில் எரிபொருள் செலவே இல்லை; மொத்தப் பணத்தையும் முதல் நாளே போட வேண்டும். அதாவது கடன் வாங்க வேண்டும். 10 கோடி டாலர் கடனை 20 ஆண்டில் சமமான ஆண்டுத் தவணைகளாக அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 4 சதவீத வட்டி என்றால் ஆண்டுத் தவணை சுமார் 73.6 லட்சம் டாலர். 12 சதவீதம் என்றால் அதே தவணை 1 கோடியே 34 லட்சம். தகடு ஒன்றே, வெயில் சொல்லப்போனால் 12 சதவீத வட்டி கட்டும் ஊரில் இன்னும் நன்றாகவே அடிக்கிறது. ஆனால் அங்கே மின்சாரத்தின் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வளரும் நாடுகளில் தூய மின் திட்டங்களுக்குப் பணம் திரட்டும் செலவு, அதாவது வட்டியும் முதலீட்டாளர் கேட்கும் லாபமும், பணக்கார நாடுகளைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. நாணய மதிப்பு சரியும் என்ற பயம், மின் வாரியம் பணம் தராது என்ற பயம், ஆட்சி மாறும் என்ற பயம் எல்லாம் வட்டியாக மாறி அந்த ஊர் மின்கட்டணத்தில் ஏறுகின்றன. முதலீட்டாளரின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தின் விலையை முழுதும் ஏழையின் தலையில் வைத்தால் தணிப்பு நடக்காது.

தகடு மலிவானால் சில சமயம் யாரையும் கேட்காமலே மாற்றம் வந்துவிடுகிறது. 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள், 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், சேதமும் இழப்பும் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. உலக உமிழ்வில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. இரண்டே ஆண்டில், 2024இல், அதே நாடு சீனாவிலிருந்து சுமார் 17 கிகாவாட் அளவுக்கு சோலார் தகடுகளை இறக்கியது. இது உச்சிமாநாடு கொடுத்த பணமல்ல. மின்கட்டணம் தாங்காமல் வீட்டுக்காரர்களும் விவசாயிகளும் ஆலைக்காரர்களும் சொந்தக் காசில் வாங்கிக் கூரையில் மாட்டியது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வசதியுள்ளவர் விலகிவிட்டால், பழைய மின் நிலையங்களின் நிலையான செலவு தகடு வாங்க வழியில்லாதவரின் ரசீதில் விழுகிறது. அதை இன்னும் யாரும் தீர்க்கவில்லை.

நிலக்கரியை விடுவதும் அவ்வளவு லேசான காரியமல்ல. தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், பணக்கார நாடுகள் சில சேர்ந்து அதற்கு 850 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி கடன். மானியம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2022 அக்டோபரில் கோமாட்டி அனல் மின் நிலையத்தின் கடைசி அலகை நிறுத்தினார்கள். மாற்று வேலை தயாராகும் முன்னே சிமினி அணைந்தது. அந்த நிலையத்தை நம்பியிருந்த ஊர் வாடியது. அதற்கப்புறம் மற்ற நிலக்கரி ஊர்களில் பசுமை மாற்றம் என்று பேச்செடுத்தாலே ஜனங்கள் கோமாட்டியைக் காட்டுகிறார்கள்.

யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

1992இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்திலேயே, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பணமாக்கத்தான் முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சண்டை. 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. நிறைவேறியது 2022இல். அதிலும் பொதுநிதியாக வந்ததில் பத்தில் ஏழு பங்கு கடன். 2024இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடிவானது. அரங்கிலேயே இந்தியப் பிரதிநிதி எழுந்து இது போதாது, ஏற்க முடியாது என்று சொன்னார். அதற்குள் முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது.

தணிப்பும் தகவமைப்பும் கைவிட்ட பிறகு மிஞ்சுவதை இழப்பும் சேதமும் என்கிறார்கள். கடல்மட்டம் உயர்ந்து நேரும் இழப்புக்கு ஈடு செய்ய ஒரு காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991இலேயே கேட்டது. நிதியம் ஒன்று அமைக்க உலகம் ஒப்புக்கொண்டது 2022இல், எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் நடந்த மாநாட்டில். 31 ஆண்டு. அதற்குத் தருவதாக இதுவரை நாடுகள் வாக்களித்த தொகை நூறு கோடி டாலரைக்கூட எட்டவில்லை. பாகிஸ்தானின் ஒரே வெள்ளத்துக்கு 3,000 கோடி என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடன் பத்திரத்தின் எழுத்தையே மாற்றிப் பார்த்த ஒரு சின்ன நாடு உண்டு. கரீபியத் தீவான கிரனடா. 2004இல் ஐவன் சூறாவளி அதன் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்கு சொத்தை அழித்தது. வீடு போன நாட்டுக்குத் தவணைத் தேதி மட்டும் போகவில்லை; கடனைக் கட்ட முடியாமல் கடன்காரர்களோடு மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. பத்தாண்டு கழித்து இன்னொரு முறை கடனைச் சீரமைத்தபோது, பத்திரத்தில் ஒரு விதியைச் சேர்க்க வைத்தார்கள்: குறிப்பிட்ட அளவுக்குமேல் சூறாவளிச் சேதம் வந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம். பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி 2022 முதல் உலகமெங்கும் போய், எல்லாக் கடன் பத்திரத்திலும் இப்படி ஒரு விதி வேண்டும் என்று வாதாடி வருகிறார்.

2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் சூறாவளி கிரனடாவின் கரியாகூ தீவில் கரையேறியது. அந்தச் சின்னத் தீவில் கூரையோடு நின்ற வீடு அரிது. கிரனடா அரசு அந்த விதியைப் பயன்படுத்தி, பத்திரத் தவணையை நிறுத்திவைத்தது. மீட்புக்கும் கூரைக்கும் கையில் காசு மிஞ்சியது. தள்ளிவைத்த வட்டி அசலோடு சேர்க்கப்பட்டது.